ஹஸாக் என்னும் எபிரெயச் சொல்

மோசே மரித்தபின் ஜனங்களை நடத்தும் பாரத்தை ஏற்றவன் யோசுவா. அவன் பெயரால் வழங்கும் ஆகமத்தின் முதல் அதிகாரத்தில், தைரியங்கொள்ளும்படியான கட்டளை அவனுக்கு நான்கு முறை கூறப்படுகின்றது. அக்கட்டளையில் ஹஸாக், அமாத்ஸ் என்னும் இரண்டு எபிரெயச் சொற்கள் இணைந்து வருகின்றன. பின்னது தளராது நிற்கும் திண்மையைக் குறிப்பது. முன்னதன் பொருளையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஹஸாக் என்பதற்கு வலிமையுறுதல் என்று பொருள் கூறுவர். ஆயின் அச்சொல்லின் பல வடிவங்களையும் நோக்குமிடத்து, இறுகப் பற்றுதல் என்னும் கருத்தும் அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். சோதோமில் தாமதித்து நின்ற லோத்தின் கையைத் தூதர் பற்றியதைக் கூறுவது இச்சொல்லே. எருசலேமின் இடிந்த மதிலைப் பழுதுபார்த்தவர்களைப்பற்றி நெகேமியா கூறுமிடத்தும் இச்சொல்லே திரும்பத் திரும்ப வருகின்றது. இவற்றினும் வியக்கத்தக்கது, யாத்திராகமத்தில் பார்வோனுடைய நெஞ்சம் இறுகியதைச் சொல்லும் இடங்கள் பலவற்றிலும் இதுவே நிற்பதாம்.

யோசுவாவின் தைரியத்துக்கும் பார்வோனின் பிடிவாதத்துக்கும் ஒரு சொல்லே அமைந்தது எங்ஙனம்? தமிழறிந்தார்க்கு இது புதுமையன்று. வன்கண் என்பதைத் திருவள்ளுவர் அமைச்சனுக்கு வேண்டிய உறுதியாக ஓரிடத்தும், வஞ்சகத் துறவியின் கொடுமையாகப் பிறிதோரிடத்தும் ஆண்டிருக்கின்றார்.

சொல்லில் கண்ட இவ்வுண்மையைக் கல்லிலும் காணலாம். பண்டு தகடூர் எனப்பட்ட தருமபுரியைச் சூழ்ந்த நாட்டில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. அவற்றுட் பல ஆநிரைப் பூசலில் வீழ்ந்த வீரர்க்கு எடுத்தவை. பிறர் ஆநிரையைக் கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்ததை மீட்டலைக் கரந்தை என்றும் நம் முன்னோர் பிரித்துரைத்தனர். இருதிறத்தார்க்கும் தோள்வலியும் அஞ்சாமையும் ஒன்றே. அவர் கருதிச் சென்ற பொருளே வேறு.

ஆதலின் வலிமை தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அது பற்றிநிற்கும் பொருளாலேயே சிறப்பும் இழிவும் எய்தும். இதனாலன்றோ யோசுவாவுக்குத் தைரியங்கொள்ளும்படி கூறியதோடமையாமல், வலமும் இடமும் சாயாது நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளும்படியும் உடன் விதிக்கப்பட்டது?

கல்லூரியை விட்டுச் செல்லும் நம் மாணவர்க்கு நாமும் தைரியத்தையே வாழ்த்தாகக் கூறுகின்றோம். அவ்வாழ்த்தைப் பெறுவோர், தாம் பற்றியிருப்பது யாதென ஒருமுறை நோக்கிக் கொள்வாராக. நல்லதாயின் அப்பிடி தளராதிருக்கட்டும். தீயதாயின் அதனை விடுதற்கும் அத்தைரியமே துணையாகுக.