பாய்மரப் படகில் பெட்ரோல் கேனை எங்கே வைப்பது?

டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் குடியிருந்தால் லூயிஸ்வில் ஏரி உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே ஓட்ட ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கியிருக்கிறீர்கள். காற்று நின்றுவிட்டால் கரை சேர்வதற்கு ஓர் அவுட்போர்டு எஞ்சினும் (படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டும் எஞ்சின்) சிவப்புப் பெட்ரோல் கேனும் கூடவே வந்திருக்கும். வெயில் படாமல் இருக்கட்டும் என்று அந்தக் கேனைப் படகின் அறைக்குள் வைக்கத் தோன்றும். தயவுசெய்து வைக்காதீர்கள்.

மூடிதான் இறுக்கமாக இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்? மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கொஞ்சம் கசியலாம்; பெட்ரோலில் தீப்பிடிப்பது அந்த ஆவிதான். மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழும். டெக்சஸ் கோடையோ 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. இந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். அதனால் கீழே இறங்கி, படகின் அடிப்பள்ளத்தில் (பில்ஜ்) தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதற்கு பேட்டரி ஸ்விட்ச் போடும்போது வரும் பொறி போதும்.

நம் ஊர் மீனவர்கள் ஃபைபர் படகில் எரிபொருளைக் கேன் கேனாக எடுத்துப் போகிறார்களே என்று கேட்பீர்கள். அவை திறந்த படகுகள். ஆவியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். உங்கள் படகுக்கு மூடிய வயிறு இருக்கிறது. வித்தியாசம் அதுதான்.

சரி, எங்கே வைப்பது? வெளியே, நீங்கள் உட்கார்ந்து ஓட்டும் திறந்த பகுதியில், நிழலில், உருளாதபடி கட்டி வையுங்கள். பெட்டி (லாக்கர்) எதிலாவது வைப்பதென்றால், அதன் அடியில் படகுக்கு வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். அறையோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இருட்டிய பிறகு ஒருவர் பெட்டிக்குள் டார்ச் அடிக்கட்டும், இன்னொருவர் அறைக்குள் இருந்து பார்க்கட்டும். வயர் நுழையும் ஓட்டையில் வெளிச்சம் தெரிந்தால், ஆவியும் அதே வழியில் வரும்.

வெயிலில் கேன் உப்புகிறதே, பழுதா? இல்லை. 2011 முதல் அமெரிக்காவில் செய்யப்படும், கையில் தூக்கிச் செல்லும் படகு எரிபொருள் டாங்குகள் ஆவியை உள்ளேயே அடைத்து வைக்கும்படி அமைந்தவை. ஓட்டாத நேரத்தில் எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த அழுத்தம் பெட்ரோலை எஞ்சினுக்குள் தள்ளும். திரும்ப மாட்டும் முன் மூடியை மெதுவாகத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள்.

பெட்ரோல் நிரப்பும்போது கேனை வண்டியிலோ படகிலோ வைத்து நிரப்பாதீர்கள். தரையில் இறக்கி, பம்பின் முனை கேனைத் தொட்டபடி நிரப்புங்கள். நிலைமின் பொறி வராது. வெப்பத்தில் விரியும் என்பதால் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். 15 சதவீத எத்தனால் (சாராய வகை எரிபொருள்) கலந்ததைப் படகு எஞ்சினுக்குப் போட இங்கே சட்டப்படியே அனுமதி இல்லை. 10 சதவீதம் பரவாயில்லை, ஆனால் அதுவும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம்.

எஞ்சினைக் கழற்றி வைப்பதானால், முதலில் நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீரை முழுக்க வடிய விடுங்கள். பின்பலகையிலிருந்து தூக்கும் முன் அதற்கு ஒரு கயிறு கட்டிவிடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை எந்தப் பக்கமாகப் படுக்கவைக்கலாம் என்பது கையேட்டில் இருக்கும். தவறான பக்கத்தில் சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும். தலைப்பகுதி எப்போதும் கால்பகுதியைவிட உயரமாக இருக்கட்டும். எஞ்சினிலேயே சிறிய டாங்க் இருந்தால், பெட்ரோலை வடித்துவிடுங்கள். வடித்த பிறகும் ஆவி மிஞ்சும், ஆகவே இதுவும் அறைக்குள் போகக் கூடாது.

தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில், கேனிலிருந்து தள்ளி மாட்டுங்கள். அடியில் பொறித்திருக்கும் ஆண்டைப் பாருங்கள்: திரும்ப நிரப்ப முடியாத வகை 12 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது என்ற விதி 2022 ஏப்ரல் 20 முதல் நடப்பில் இருக்கிறது.

கேனை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கராஜில் வைக்கலாமா? கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர் அங்கே இருந்தால் கூடாது. அதன் தீ தரைக்குப் பக்கத்தில் எரிகிறது, ஆவி தவழ்வதும் தரையில்தான். வீட்டை ஒட்டாத, காற்றோட்டமான கொட்டகையில் வையுங்கள்.