தொழில் கற்பிப்போருக்குத் துணை

கைதேர்ந்த நெசவாளர் ஒருவரிடம், இழை அறுவதை எவ்வாறு உணர்கிறீர் என்று வினவினால், "கை அறியும்" என்பார். கை அறிந்ததை மாணவன் விளங்கும்படி படிப்படியாகப் பிரித்துரைப்பது வேறொரு கலை. கைத்தறிக்குப் பேர்பெற்ற மருதமுனையை அண்டி வாழும் நற்பிட்டிமுனை மக்களுக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

பாடசாலை ஆசிரியர்களுக்கு இக்கரையோரத்தில் நெடுங்காலமாகவே பயிற்சி உண்டு. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை தோன்றியது 1941 இல். தொழிற்கல்வி ஆசிரியரின் நிலையோ வேறு. அவர் தொழிலையும் அறிதல் வேண்டும்; அதனைக் கற்பிக்கும் முறையையும் அறிதல் வேண்டும். இலக்கணம் பத்தாண்டில் மாறுவதில்லை, இயந்திரம் மாறிவிடுகிறது. பயிற்சிக்காலத்தில் பெற்ற அறிவைக்கொண்டே ஆசிரியர் முப்பது ஆண்டு கற்பிப்பாராயின், நட்டம் யாருக்கு? வேலை தேடிச் செல்லும் மாணவனுக்கே.

இக்குறையை நீக்குவதில் தொழில்சார் சங்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அதே 1941 இல் இந்தியாவில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்களின் அதிபர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். அதிபர்கள் மட்டும் கூடினாற் போதாது என்பது பின்னர் உணரப்பட்டது. 1968 இல் அச்சங்கம் இந்தியத் தொழில்நுட்பக் கல்விச் சங்கமாக விரிந்து, ஆசிரியர்களையும் உறுப்பினராக்கியது. குறுகியகாலப் பயிற்சிகள், மாநாடுகள், சஞ்சிகை என்பவற்றால் அது அவர்களின் அறிவைப் புதுப்பித்து வருகிறது. இதற்கிடையே, 1964 இல் சென்னைத் தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிலையமும் எழுந்தது. நிலையம் தொடக்கத்தைத் தருகிறது. சங்கம் இறுதிவரை உடன் வருகிறது.

இலங்கையில் 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இத்துறை ஆசிரியர்களைப் பயிற்றுகிறது. அது இருப்பது இரத்மலானையில். சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரி இருப்பதோ நாட்டின் மறுகரையில். ஐயம் எழுந்தபோதெல்லாம் அத்தூரம் கடத்தல் இயலுமா? அருகிலுள்ள ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் கண்ட புதிய முறையை மற்றவர்க்கு உரைத்தால், அதுவே சங்கத்தின் வித்தாகும்.

அக்கூட்டத்திற்கு மருதமுனை நெசவாளரையும் அழைக்கலாம். அவர் கை அறிந்ததை ஆசிரியரின் வாய் சொல்லக் கற்குமாயின், அப்பயன் நற்பிட்டிமுனைச் சிறுவனையும் வந்தடையும்.