வாய்ப்புண்ணுக்கு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிடலாமா?

மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கத் திட்டங்களுக்காகக் காணி விட்டுப் பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கச் சென்றபோது, திண்ணையில் வாயைத் துவாயால் பொத்தியபடி அமர்ந்திருந்த ஒரு கமக்காரரைக் கண்டோம். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்று வந்தவர். நான்காவது வாரத்தோடு நிறுத்திவிட்டு வீடு திரும்பியிருந்தார். "பச்சத்தண்ணி பட்டாலும் நெருப்பா எரியுது பாதர். சோறு தின்னு பத்து நாளாச்சு. நோயில செத்தாலும் பரவாயில்ல" என்றார்.

அவரைத் திருப்பி அனுப்பியது புற்றுநோய் அல்ல. சிகிச்சையால் உண்டான வாய்ப்புண். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் நிறைந்த எமது நாட்டில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. ஆகவே இது பல குடும்பங்களுக்கும் வரக்கூடிய சோதனை.

புண் ஏன் வருகிறது?

எமது வாயின் உட்தோல் ஓயாது தேய்ந்து ஓயாது புதிதாகும் ஒன்று. விரைவாகப் பெருகும் கலங்களைத் தாக்குவதே கதிரின் வேலை; புற்றுநோய்க் கலத்தோடு இந்தத் தோலின் கலங்களும் அடிபடுகின்றன. பழைய தோல் தேய, புதிய தோல் எழாமல் புண்ணாகிறது. வழமையாகச் சிகிச்சை கிழமைக்கு ஐந்து நாளாக ஆறு, ஏழு கிழமைகள் நடக்கும். இரண்டாம், மூன்றாம் கிழமையில் புண் தொடங்கும். சிகிச்சை முடிந்து சில கிழமைகளில் ஆறிவிடும்.

இடையில் நிறுத்தினால் என்ன? தப்பிய புற்றுநோய்க் கலங்கள் அந்த ஓய்வில் மீண்டும் பெருகுகின்றன. சிகிச்சை ஒவ்வொரு நாள் நீளும்போதும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைவதாக வைத்தியர்கள் கணக்கிடுகின்றனர். களை பிடுங்குவதைப் பாதி வயலில் விட்டால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஒளியால் ஒரு காப்பு

இந்தப் புண்ணைக் கடுமையாகாமல் தடுக்க ஒளிச் சிகிச்சை என்றொரு வழி உண்டு. லேசர் என்றதும் வெட்டும், சுடும் கருவி என்று எண்ண வேண்டாம். இது வலு குறைந்த சிவப்பு ஒளி. சூடோ வலியோ இராது. 1967இல் ஹங்கேரி நாட்டின் வைத்தியர் எண்ட்ரே மெஸ்டர், மழித்த எலிகளின் தோலில் இத்தகைய ஒளியைப் பாய்ச்சியபோது மயிர் விரைவாக முளைப்பதைக் கண்டார். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகள் இவ்வொளியை உறிஞ்சி, கலத்தின் வேலையை ஊக்குவிக்கின்றன என்றும், அதனால் வீக்கம் தணிந்து தோல் விரைவில் ஆறுகிறது என்றும் இன்று விளக்கப்படுகிறது.

அயல்நாடான இந்தியாவின் கர்நாடகத்தில் 221 நோயாளரிடம் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு உண்மையான ஒளி. மறு பகுதியினருக்கு ஒளி பாய்ச்சுவது போன்ற பாவனை மட்டும். ஒளி பெற்றவர்களிடம் கடும் புண்ணும், வலியும், விழுங்கும் சிரமமும், கடுமையான வலிநிவாரணிகளின் தேவையும் குறைந்திருந்தன. 2018இல் பிரித்தானியச் சுகாதார வழிகாட்டல் நிறுவனம் இம்முறையை ஏற்றது. 2020இல் வெளிவந்த சர்வதேச நிபுணர் குழுவின் வழிகாட்டலும் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோருக்கு இதைப் பரிந்துரைக்கிறது.

ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். புண் வந்தபின் மட்டும் தேடும் மருந்தல்ல இது. கதிர்ச் சிகிச்சை தொடங்கும் நாளிலிருந்தே கொடுக்க வேண்டிய காப்பு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிவித்து, கன்னத்தின் உட்புறம், உதடு, நாக்கின் ஓரம் என ஒவ்வோர் இடமாகச் சில நிமிடங்கள் பாய்ச்சுவர். கட்டி உள்ள இடத்தைத் தவிர்ப்பர். பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும். கடையில் வாங்கும் சிவப்பு விளக்கு இதற்கு உதவாது. ஆகவே கண்டியிலோ மஹரகமவிலோ முதல் கிளினிக்கிலேயே, "வாய்ப்புண் வராமல் ஒளிச் சிகிச்சை கிடைக்குமா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

எம் கையில் உள்ளவை

ஒளி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் செய்யத்தக்கவை இவை:

- சிகிச்சைக்கு முன்பே பல் வைத்தியரிடம் காட்டி, சொத்தைப் பற்களுக்கு வழி செய்யுங்கள்.
- ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து நாளுக்குப் பல தடவை கொப்பளியுங்கள். தினமும் புதிதாகக் கலக்கவும்.
- மென்மையான தூரிகையால் பல் துலக்குங்கள்.
- வெற்றிலை, பாக்கு, புகையிலை, சாராயத்தை அடியோடு விடுங்கள். உறைப்பு, புளிப்பு, கொதிக்கும் தேநீர் வேண்டாம். ஆறிய கஞ்சி, தயிர், மசித்த பருப்பு, முட்டை நல்லவை.
- விழுங்க முடியாவிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே தெரிவியுங்கள். வலிக்கு மருந்து உண்டு. உண்ண முடியாதவருக்குக் குழாய் வழியாகவும் உணவு கொடுக்கலாம்.

நாம் கண்ட அந்தக் கமக்காரர் மறுநாளே மகனோடு வைத்தியசாலைக்குப் போனார். வலிமருந்தோடு சிகிச்சை தொடர்ந்து முடிந்தது. இழந்த பத்து நாட்களின் விலை என்னவென்று காலந்தான் சொல்லும். முதல் நாளே யாராவது அவருக்கு இவற்றைச் சொல்லியிருந்தால் அந்த நாட்களை அவர் இழந்திருக்க மாட்டார். உங்கள் ஊரில் சிகிச்சைக்குப் புறப்படும் ஒருவர் இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.