வெளிநாட்டில் ஜர்னலிசம் படிக்கணுமா? விண்ணப்பிக்கும் முன் இதைப் படிங்க!

நைட் ஷிஃப்ட் முடிந்ததும் பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் இணையதளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருபவரா நீங்கள்? ஒரே வருஷத்தில் எம்.ஏ. முடிந்துவிடும் என்பதுதான் அங்கே பெரிய ஈர்ப்பு. ஆனால், செலவு லட்சக்கணக்கில். அதனால் ஃபார்மை நிரப்பும் முன் நாலு விஷயங்களைத் தெரிஞ்சுக்கோங்க.

எந்த கோர்ஸ்?

பெயரில் 'மீடியா' இருந்தாலே நிருபர் பயிற்சி என்று நினைத்துவிடாதீங்க. 'மீடியா அண்ட் கம்யூனிகேஷன்ஸ்' பெரும்பாலும் கோட்பாட்டுப் படிப்பு. விஸ்காம் முடித்தவருக்கு அது பழைய பாடத்தின் இரண்டாம் பாகம் மாதிரி இருக்கலாம். செய்தி சேகரிக்க, எழுத, எடிட் செய்யப் பழக்குவது 'ஜர்னலிசம்' எம்.ஏ. கார்டிஃப் பல்கலைக்கழகம் 1970-லிருந்து இந்தப் பயிற்சியைத் தருகிறது.

இதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. என்சிடிஜே அங்கீகாரம் பெற்ற கோர்ஸ்களில் பிரிட்டன் ஊடகச் சட்டம் முக்கியப் பாடம். நிமிடத்துக்கு 100 வார்த்தை வேகத்தில் சுருக்கெழுத்து கற்பிப்பதும் உண்டு. அங்கேயே நிருபராகச் சேர நினைப்பவருக்கு இது உதவும். ஊர் திரும்பி வேலை பார்க்கப்போகிறவருக்கு 'இன்டர்நேஷனல் ஜர்னலிசம்' பொருந்தும்.

எதைப் பார்த்து சீட் தருவாங்க?

இன்ஜினீயரிங் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பல கோர்ஸ்களுக்கு எந்தப் பட்டமும் போதும். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், நோக்கக் கட்டுரை ஆகியவற்றைக் கேட்பார்கள். வெளியான செய்திகளைக் காட்ட முடிந்தால் பெரிய பலம். தமிழில் எழுதியிருக்கிறோமே என்று தயங்க வேண்டாம். லிங்க்குடன் சுருக்கமான ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள்.

நோக்கக் கட்டுரையில் 'சின்ன வயசிலிருந்தே நியூஸ் பார்ப்பேன்' என்று ஆரம்பித்தால் கூட்டத்தில் ஒருவராகிவிடுவீர்கள். உங்கள் தெரு மழைநீர் வடிகாலுக்கு எவ்வளவு செலவானது என்று ஆர்டிஐ போட்டுக் கண்டுபிடித்தீர்களா? அதை எழுதுங்க. அதில் எங்கே முட்டி நின்றீர்கள், எந்தத் திறமை இருந்திருந்தால் தாண்டியிருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்க.

பணத்துக்கு என்ன வழி?

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாதச் செலவு எல்லாவற்றையும் ஏற்கிறது. 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். பகுதிநேர வேலை, இன்டர்ன்ஷிப்பும் கணக்கில் சேரும். மூன்று கோர்ஸ்களைத் தேர்வு செய்யலாம். படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் இருக்கணும் என்பது நிபந்தனை. வழக்கமாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை விண்ணப்பிக்கலாம். அதாவது, படிப்பு தொடங்கும் முன் ஏறக்குறைய ஒரு வருஷம்!

ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ் ஜர்னலிசம் இன்னொரு வாய்ப்பு. இரண்டு வருஷப் படிப்பு. முதல் வருஷம் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில். இதன் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் வரும்.

கடன் வாங்கிப் போகலாமா?

இங்கேதான் நிதானம் தேவை. பிரிட்டனில் படிப்புக்குப் பிறகு வேலை தேடத் தங்கும் விசா இப்போது இரண்டு வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் எம்.ஏ. பட்டதாரிகளுக்கு அது 18 மாதம்தான். அதன்பின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டு. புதிய பட்டதாரிகளுக்குச் சலுகை இருந்தாலும், உள்ளூர்ப் பத்திரிகையில் சேரும் நிருபருக்கு அது எளிதில் எட்டும் தொகை கிடையாது.

அதனால் 'அங்கே வேலை கிடைச்சா கடனை அடைச்சிடலாம்' என்ற கணக்கு வேண்டாம். சென்னையில் ஒரு நிருபர் வாங்கும் சம்பளத்தில் வாடகை போக அந்த இஎம்ஐ கட்ட முடியுமா என்று பாருங்க. முடியாது என்றால் கனவை விட வேண்டியதில்லை. உதவித்தொகைக்கு முதலில் விண்ணப்பியுங்கள். இந்த வருஷம் கிடைக்கலையா? இன்னும் நாலு நல்ல செய்திகளோடு அடுத்த வருஷம் மறுபடி முயற்சி செய்யலாம். கடன் வாங்கிவிட்டால் அந்த வசதி கிடையாது.