ஆங்கிலத்தின் எழுதாப் புணர்ச்சி

ஆங்கில நூலைப் படித்தால் பொருள் விளங்குகிறது. அதே சொற்களை ஆங்கிலேயர் பேசக் கேட்டால் விளங்குவதில்லை. நம் மாணவர் பலர் கூறும் குறை இது. பேசுபவர் விரைகிறார் என்றோ, நம் செவி கூர்மையற்றது என்றோ எண்ணி நாம் சோர்ந்துவிடுகிறோம். காரணம் வேறு, தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு அது புதியதும் அன்று.

நிலைமொழியோடு வருமொழி சேருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை விகாரங்கள் நிகழும் என்கிறது நன்னூல். வாழைப்பழம், பொற்குடம், மரவேர் என்பன முறையே சான்றுகள். ஆங்கிலப் பேச்சிலும் இம்மூன்றும் உண்டு. 'லா அண்ட் ஆர்டர்' என்னும் தொடரை, இடையே ஒரு ரகர ஒலி சேர்த்து 'லாரண்ட் ஆர்டர்' என இங்கிலாந்தில் பலர் ஒலிப்பர், இது தோன்றல். 'டென் பாய்ஸ்' என்பது 'டெம் பாய்ஸ்' ஆவது திரிதல். 'நெக்ஸ்ட் டே' என்பது 'நெக்ஸ்டே' எனக் குறைவது கெடுதல். தமிழில் புணர்ச்சியைப் பெரும்பாலும் எழுதிக் காட்டுகிறோம்; ஆங்கிலத்திலோ அது நாவில் நிகழ்கிறது, ஏட்டில் தோன்றுவதில்லை. ஏட்டின் வழியே ஆங்கிலம் கற்ற நாம் இடர்ப்படுவது இதனாற்றான்.

மற்றொரு காரணம் அழுத்தம். பெயர், வினை போன்ற பொருள் தரும் சொற்களை ஆங்கிலேயர் அழுத்தி ஒலிப்பர். இடைச்சொல் போன்றவற்றைத் தேய்த்துவிடுவர். 'இயலும்' எனப் பொருள்படும் 'கேன்' என்னும் துணைவினை, தொடரின் இடையில் 'கன்' என மெலியும். அதன் எதிர்மறையாகிய 'கேன்ட்' என்பதை அமெரிக்கர் அழுத்தி ஒலிப்பினும், இறுதி டகரத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவர். ஆகவே 'கேன்' எனத் தெளிவாகக் கேட்டால் அது மறுப்பாகவும் இருக்கலாம். தொலைபேசி வழி நேர்முகத் தேர்வில், 'திங்களன்று வரலாம்' என்பதற்கும் 'வர இயலாது' என்பதற்கும் இடையே உள்ளது இவ்வளவே.

தாய்மொழியாளரும் இதற்கு விலக்கல்லர். சிறுவயதில் தாய் படித்துக்காட்டிய ஸ்காட்லாந்துக் கதைப்பாடலின் ஒரு தொடரை 'லேடி மாண்டெகிரீன்' என்னும் பெண்ணின் பெயராகத் தாம் கேட்டதை, அமெரிக்க எழுத்தாளர் சில்வியா ரைட் 1954-இல் கட்டுரையாக எழுதினார். அத்தகைய செவிப்பிழைக்கு 'மாண்டெகிரீன்' என்பதே பின்னர்ப் பெயராயிற்று.

இனி, பயிற்சி முறையைக் காண்போம். எழுத்து வடிவமும் கிடைக்கும் ஒலிப்பதிவு ஒன்றில் பத்து நொடிப் பகுதியைத் தேர்ந்து, பலமுறை கேட்டு, கேட்டவாறே எழுதுக. பின் மூலத்தோடு ஒப்பிட்டு, தவறிய இடத்தில் நிகழ்ந்தது தோன்றலா, திரிதலா, கெடுதலா எனக் குறித்துக்கொள்க. அத்தொடரை அவ்வாறே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க. நா பழகிய ஒலியைச் செவி எளிதில் இனங்காணும். உரையாடும்போது ஒவ்வொரு சொல்லையும் பற்ற முயலாது, அழுத்தம் பெற்ற சொற்களைக் கொண்டு பொருளை உய்த்துணர்க. ஐயம் எஞ்சின் மீண்டும் கூறுமாறு கேட்டல் இழுக்கன்று. விளங்காததற்குத் தலையசைத்தலே இழுக்கு.

பதம் பிரித்துச் செய்யுளைப் படிக்கக் கற்ற நாம், அப்பழக்கத்தைச் செவிக்கும் உரியதாக்கினால் ஆங்கிலப் பேச்சு நமக்கு எட்டாததன்று.