வீட்டைப் பிரிந்து கற்றலும் பல்கலைக்கழகப் பெறுபேறும்

கொம்பனித்தெருவில் வசிக்கும் ஒருவருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. ஆயினும் அவருக்கு அங்கேயே இடம் கிடைக்கும் என்பது உறுதியன்று. மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஆகவே கொழும்பு மாணவர் யாழ்ப்பாணத்துக்கோ ஒலுவிலுக்கோ செல்ல நேரிடலாம். யாழ்ப்பாண மாணவர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்கு வரலாம்.

தூரம் கல்வியைப் பாதிக்கும் வழிகளை நோக்குவோம்.

1. நேரம்: வார இறுதிதோறும் ஊர் செல்பவர் இரண்டு இரவுகளைப் பயணத்தில் கழிக்கிறார்; திங்கட்கிழமை விரிவுரையையும் தவறவிடலாம். பல பீடங்களில் பரீட்சைக்குத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும்.

2. பணம்: விடுதியில் இடம் கிடைக்காதவர் வெள்ளவத்தை போன்ற இடங்களில் அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு இரண்டையும் தாங்க வேண்டும். அதற்காகப் பகுதிநேர வேலை செய்தால் படிக்கும் நேரம் குறையும். வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கு 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் ஓரளவு கைகொடுக்கிறது.

3. மொழி: தமிழில் கற்றவர் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டியிருக்கும். சந்தேகம் கேட்கத் தயங்கினால் முதல் வருடத்திலேயே பின்தங்குவார்.

4. மனநிலை: தனிமையும் வீட்டு நினைவும் உறக்கத்தையும் கவனத்தையும் குலைக்கும்.

இவற்றைக் கொண்டு, வீட்டிலிருந்து செல்பவர் எப்போதும் சிறந்த பெறுபேறு பெறுவார் எனக் கருதலாகாது. நெருக்கமான சிறு வீட்டில் படிக்க அமைதியான மூலை கிடைப்பது அரிது. வீட்டு வேலைகளும் அவரிடம் வரும். விடுதி மாணவருக்கோ நூலகம் அருகில். சேர்ந்து படிக்க நண்பர்கள், பழைய வினாத்தாள் தரும் சிரேஷ்ட மாணவர்கள் உண்டு. எனவே பெறுபேற்றைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நேரம், பணம், மொழி, துணை என்பனவே தீர்மானிக்கின்றன.

இவற்றுள் மொழிக்கான ஆயத்தத்தை நீங்கள் இன்றே தொடங்கலாம். சாதாரண தரத்திலேயே ஆங்கிலத்தையும் இரண்டாம் மொழியான சிங்களத்தையும் ஊன்றிக் கற்றுக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கு எழுதவும், தமக்கு வேண்டிய உணவைச் சமைக்கவும் பழகுங்கள். "பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்ப முடியாது" எனப் பெற்றோர் தயங்கும் வீடுகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் உள்ள வீடுகள், இன்றும் உள்ளன. நீங்கள் ஆயத்தமாக இருப்பதே அத்தயக்கத்துக்குத் தக்க பதிலாகும். கிடைத்த அனுமதியைத் தூரத்துக்கு அஞ்சிக் கைவிடாதீர்கள்.

பயிற்சி
அ. தூரம் கல்வியைப் பாதிக்கும் வழிகள் நான்கினைத் தருக.
ஆ. விடுதி வாழ்வின் நன்மைகள் இரண்டினை விளக்குக.