சிட்டுக்குருவிக்குக் கணக்கு வைத்தவர்கள்

செல்போன் கோபுரம்தான் சிட்டுக்குருவியைக் கொன்றுவிட்டது என்று நம்மில் பலர் நம்புகிறோம். 2018இல் வந்த ‘2.0’ படம் அந்த நம்பிக்கையை இன்னும் பல வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் கொலையாளியைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. குருவி உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? எந்த ஊரில், எவ்வளவு? நாடு முழுக்கப் போய்க் குருவி எண்ணிவர எந்த ஆய்வகத்திடமும் ஆள் கிடையாது. அந்த வேலையைச் செய்தது பொதுமக்கள்.

2012 ஏப்ரலில் ‘சிட்டிசன் ஸ்பேரோ’ என்ற கணக்கெடுப்பு தொடங்கியது. உங்கள் தெருவில் இப்போது குருவி உண்டா, முன்பு இருந்ததா, கூட்டைப் பார்த்திருக்கிறீர்களா என்பது போன்ற எளிய கேள்விகள். பாட்டியின் ஞாபகத்துக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதி அனுப்பினார்கள். பறவை ஆர்வலர்கள் ‘இ-பேர்டு’ தளத்தில் சேர்த்துவந்த பட்டியல்களை வைத்து, பிறகு 2020இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வெளியானது. நாட்டை மொத்தமாகப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது அது. குறைவு தெரிந்தது சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில். கோபுரக் கதிர்வீச்சைக் குற்றவாளியாக்க உறுதியான சான்று கிடைக்கவில்லை. சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான் என்றாலும், குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். பெருநகரத்தில் அந்தப் பூச்சியும் குறைவு, கூடு வைக்க இடுக்கும் குறைவு. சந்தேகம் முதலில் விழ வேண்டியது அங்கேதான்.

யார் வேண்டுமானாலும் எண்ணி அனுப்பலாம் என்றால் அதை எப்படி அறிவியல் என்று நம்புவது? நியாயமான கேள்வி. இதற்கான விடை பட்டியல் எழுதும் முறையில் இருக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும் அல்லது நடக்க வேண்டும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டி, அடையாளம் தெரிந்த பறவை ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். காக்கைதானே என்று தள்ளிவிடக் கூடாது. முறை முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. பார்த்த எல்லாவற்றையும் எழுதியவரின் பட்டியலில் குருவி இல்லையென்றால், அந்த ‘இல்லை’யும் ஒரு தகவலாகிவிடுகிறது. ஒரு வட்டாரத்தில் நூறு பட்டியல் வந்து, அவற்றில் நாற்பதில் குருவி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து அதே வட்டாரத்தின் நூறில் அது இருபதாகக் குறைந்தால், யாருடைய ஞாபகத்தையும் நம்பாமல் சரிவைக் காட்டலாம். ஊருக்குப் பொருந்தாத பறவையின் பெயர் வந்தால், அனுபவமுள்ள தன்னார்வலர் ஒருவர் புகைப்படம் கேட்டு எழுதுவார். 2023இல் வந்த அடுத்த அறிக்கை இப்படிச் சேர்ந்த மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை மதிப்பிட்டது. எழுதித் தந்தவர்கள் முப்பதாயிரம் பேருக்கு மேல்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் பழையது. 1900இல் கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டுத் தள்ளும் போட்டிக்கு மாற்றாக, எண்ணுவோம் வாருங்கள் என்று ஃபிராங்க் சாப்மன் அழைத்தார். வந்தவர்கள் 27 பேர். நமக்கு வாய்த்தது பொங்கல். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். தை பிறக்கும்போது ஏரியில் தண்ணீர் நிற்கும். வடக்கிலிருந்து வலசை வந்த வாத்தும் உள்ளானும் தகைவிலானும் இங்கேயே இருக்கும். இதைவிட நல்ல நாள் பார்க்க முடியாது.

ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய காஞ்சிபுரத்துக்குப் பறவையைக் கவனிப்பது புதிய பாடமும் அல்ல. 2019 வரை இந்த மாவட்டத்தில் இருந்து இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் பாம்புத்தாராவும் கூடு வைக்கும் அந்தச் சின்ன ஏரியின் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று ஊர்க்காரர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். எச்சத்தில் இருக்கும் தழைச்சத்து நீரில் கரைந்து வயலுக்குப் போகிறது என்று வேதியியல் விளக்குவதற்கு வெகுகாலம் முன்பே கண்டது அது. வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்புக்கு எழுத்தில் உரிமை வாங்கினார்கள். பார்த்தார்கள், காரணம் யோசித்தார்கள், அதை வைத்து வாதாடினார்கள். ஆய்வாளர் செய்வதில் பெரும்பகுதி இதுதான் என்பேன். ஆண்டுவாரியாக எழுதிவைப்பது மட்டும்தான் பாக்கி.

எழுதிவைக்காததன் விலை பெரிது. தாமல், தென்னேரி, உத்திரமேரூர், நத்தப்பேட்டை என்று இந்தப் பக்கம் எத்தனையோ ஏரிகள். பறவை பார்ப்பவர்களின் கூட்டமோ சரணாலயத்திலும் பெருநகரத்திலும்தான். பட்டியல் வராத ஏரி வரைபடத்தில் வெற்றிடமாகவே கிடக்கும். 2022இல் அறிவித்த பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்குள் ஏரி குளங்களும் வருகின்றன. அந்த நீரில் எந்தப் பறவை, எந்த மாதத்தில் என்ற கேள்வி அரசுக்கும் வேண்டும், ஊருக்கும் வேண்டும். திட்டம் வந்த பிறகு அவசரமாக எண்ணுவதைவிட, பல தை மாதங்களாகச் சேர்ந்த பட்டியல் ஆயிரம் மடங்கு பேசும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு இதில் மனக்குறை உண்டு. எண்ணித் தந்தவருக்கு முடிவு திரும்பி வருவதில்லை. தரவு ஊரிலிருந்து போகிறது. கட்டுரை ஆங்கிலத்தில் வெளியாகி, படித்தவர்கள் மட்டும் விவாதிக்கிறார்கள். குருவி பற்றிய முடிவு வெளிவந்து ஆண்டுகள் ஆகியும் கோபுரக் கதை அப்படியே நிற்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. 1987 முதல் ‘துளிர்’ இதழை நடத்திவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்றவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். மக்களை எண்ணச் சொல்லும் ஆய்வாளர், முடிவைத் தமிழில் எழுதித் தருவதையும் ஆய்வின் செலவுக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

அதோடு, கேள்வியும் ஊரிலிருந்து வரட்டும். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற தறி வீதிகளுக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. ஓட்டு வீட்டின் இடுக்கில் குருவி கூடு வைக்கும். வழவழப்பாகப் பூசிய மாடி வீட்டில் அதற்கு இடம் இல்லை. வீடு மாறுவதால்தான் குருவி போகிறதா, வேறு காரணமா? தறி ஓடும் வீட்டில் பகலெல்லாம் ஆள் இருப்பார்கள், அதே வாசலை வருடக்கணக்கில் பார்ப்பவர்கள். ஓடு மிச்சமிருக்கும் தெரு ஒன்று, மாடியாகிவிட்ட தெரு ஒன்று. வாரம் ஒரு நாள், இரண்டு தெருவிலும் காலை அதே நேரம், 15 நிமிடம், கண்ட பறவை அனைத்தும். பக்கத்துப் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே இதை நடத்திவிடலாம். இரண்டு பொங்கல் கழிந்தால், காஞ்சிபுரத்துக் குருவி பற்றி சென்னையையோ சினிமாவையோ கேட்காமல் அந்தப் பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.